சூழல் அறிவுக்கு ஒரு தளம்: புதிதாக இறங்குபவர்களுக்கு

கடலில் இருந்து திரும்பிய ஒரு பெரியவரிடம், மீனவர்களிடம் மீன் தகவல் சேகரிக்கும் எங்கள் செயலியைத் திறந்து கொடுத்தேன். எந்த மீன், எத்தனை, எங்கே என்று மூன்று கட்டங்கள். தேதியை போனே எடுத்துக்கொள்ளும். மூன்றையும் நிதானமாக நிரப்பிவிட்டு, "இந்த மீன் எப்ப வரும்னு கேக்கவே இல்லையே தம்பி" என்றார். காற்று திசை மாறிய மூன்றாம் நாள், தண்ணீர் கலங்கினால்தான் அது கரைப் பக்கம் வரும், இப்போது சில வருடங்களாக அந்தக் கணக்குத் தப்புகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அதைப் போட இடம் இல்லை. கடைசியில் இருந்த 'பிற' என்ற கட்டத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இரண்டு மாதம் கழித்துத் தரவைச் சுத்தம் செய்தபோது அந்த 'பிற' நெடுவரிசையை மொத்தமாக நீக்கியதும் நான்தான். வரைபடத்தில் ஏறாத எழுத்து, அதனால் வேண்டாம் என்று நினைத்தேன்.

அன்று நீக்கியதில்தான் விஷயம் இருந்தது என்பது வெகு நாள் கழித்தே உறைத்தது. சூழல் அறிவைச் சேகரிக்கும் டிஜிட்டல் தளம் எதுவானாலும், பறவைக் கணக்கோ, காற்றுத் தரமோ, காட்டு வரைபடமோ, அதன் அரசியல் செயலியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எந்தக் கட்டம் இருக்கும், யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார்கள். தகவல் தருபவர்கள் அந்த அறையில் இருந்தார்களா என்பதைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். நீங்கள் நிரல் எழுதுபவராக இருக்கலாம், களப்பணியாளராக, மாணவராக, அல்லது தகவல் தரும் ஊர்க்காரராகவே இருக்கலாம். இந்த வேலைக்குப் புதிது என்றால், கீழே உள்ள வரிசையில் போங்கள்.

முதல் படி: யார் கேட்டார்கள்?

"இப்படி ஒரு தளம் வேண்டும்" என்று முதலில் சொன்னது யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நிதி கொடுப்பவரா, ஆராய்ச்சியாளரா, அந்த இடத்தில் வாழ்பவரா? பதில் எதுவானாலும் வேலை நின்றுவிடாது. ஆனால் பதிலை மறைத்துக்கொண்டு 'மக்கள் பங்கேற்பு' என்று பெயர் வைத்தால் அடுத்த ஒவ்வொரு படியிலும் இடறும்.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். அடியில், பங்கேற்பு என்ற பெயரில் ஆட்களைத் தங்கள் விருப்பத்துக்கு இழுப்பது. நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது. உச்சியில் அதிகாரம் மக்கள் கையிலேயே இருப்பது. கருத்துக் கேட்டுவிட்டு முடிவை நாமே எடுத்தால் அது நடுப்படிதான். உங்கள் திட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. கடைசியாக எடுத்த ஐந்து முடிவுகளை எழுதி, பக்கத்தில் எடுத்தவர் பெயரை எழுதுங்கள். ஐந்திலும் அலுவலகத்தில் இருப்பவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தால் படி எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதுத் தளம் தேவைதானா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் தளம் 2002இலிருந்து ஓடுகிறது, எந்த உயிரைப் பார்த்தாலும் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் தளம் 2008இலிருந்து. படிவம் மட்டும் போதும் என்றால் ஓடிகே, கோபோடூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. புதிதாகக் கட்டிய செயலி நிதி நின்றதும் திறக்காமல் போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். இருப்பதில் சேர்வதே பெரும்பாலும் நல்லது. ஆனால் சேரும்போது அந்தத் தளத்தின் கட்டங்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த படியில் தெரியும்.

இரண்டாம் படி: படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கேள்வி கேளுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்கிக்கொள்ளுங்கள், இதை மட்டும் சுருக்காதீர்கள்.

ஒரே ஒரு கட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஈபேர்டையே பாருங்கள். பட்டியலை அனுப்பும்போது, "நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் எழுதினீர்களா?" என்று அது கேட்கிறது. ஆம் என்றால், அந்தப் பட்டியலில் இல்லாத பறவையும் ஒரு தகவலாகிவிடுகிறது. அன்றைக்கு, அந்த இடத்தில், அது கண்ணில் படவில்லை. ஒரு இனம் குறைந்துவருகிறதா என்று கணக்கிட இந்த 'இல்லை' என்ற தகவல் மிக முக்கியம். யாரோ யோசித்து வைத்த ஒரு கேள்வி, ஆர்வலர்களின் குறிப்பேட்டை அறிவியல் தரவாக மாற்றியது.

கட்டம் ஒன்று ஒரு வகை அறிவை வெளியே நிறுத்தவும் செய்யும். ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு 'ஆராய்ச்சித் தரம்' பெற, படமோ ஒலியோ வேண்டும், தேதியும் இடமும் வேண்டும், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். அதோடு அந்த உயிர் தானாக வளர்ந்ததாக இருக்க வேண்டும். நட்டு வளர்த்தது என்றால் அந்தத் தரம் கிடைக்காது. காட்டுயிர்களைப் பின்தொடரும் தளத்துக்கு இது சரியான விதிதான். ஆனால் நீங்கள் விவசாயிகளோடு பாரம்பரிய விதைகளைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால், அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ரகம் ஒவ்வொன்றும் அங்கே இரண்டாம் தரப் பதிவாக நிற்கும். விதியில் குற்றம் இல்லை, இடம் மாறிவிட்டது. இதை முன்கூட்டியே பார்ப்பதுதான் உங்கள் வேலை.

நான் தவறாமல் சோதிக்கும் கட்டங்கள் சில உண்டு.

பெயர். அறிவியல் பெயரைத் தலைப்பிலும், மக்கள் சொல்லும் பெயரை 'வேறு பெயர்' என்று ஓரத்திலும் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதில்லை. மீனவர்கள் ஒரே மீனுக்கு அதன் வளர்ச்சிக்குத் தகுந்தபடி வேறு வேறு பெயர் வைத்திருப்பார்கள். சில இடங்களில் ஒரே பெயர் இரண்டு மூன்று இனங்களுக்குச் சேர்த்து வழங்கும். மக்கள் பெயரைத் தனி நெடுவரிசையாக வையுங்கள், யார் சொன்னது, எந்தப் பகுதியில் என்பதோடு. அறிவியல் பெயர் பிறகு வந்து சேரட்டும். முதலில் சொன்ன பெயரை அது அழிக்கக் கூடாது.

இடம். ஜிபிஎஸ் ஒரு புள்ளி தரும். மேய்ச்சல் நிலம் புள்ளி இல்லை, யானை போகும் பாதை புள்ளி இல்லை. கோடும் பரப்பும் வரைய வழி இருக்கிறதா பாருங்கள். எல்லையை அழுத்தமான கோடாக வரைந்தால், இரண்டு ஊர்கள் பல காலமாகப் பேசித் தீர்த்துவந்த ஒரு விஷயம் திடீரென்று சண்டையாகும். "சுமாராக இந்தப் பக்கம்" என்று குறிக்கவும் ஒரு வழி வையுங்கள்.

காலம். போன் எடுக்கும் தேதி, பார்த்த நாளா பதிவேற்றிய நாளா? சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம்கூட ஆகும். அப்புறம், "முதல் மழைக்குப் பிறகு" என்பதும் ஒரு காலம்தான். அதை ஏற்கும் கட்டம் வேண்டும்.

எழுத்து. படிக்கத் தெரியாதவர் இதில் பங்கேற்க முடியுமா என்ற கேள்விக்கு 1990களிலேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் லூயிஸ் லீபன்பெர்க் தொடங்கிய சைபர்டிராக்கர் என்ற மென்பொருள், எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் தடம் பார்ப்பதில் யாராலும் மிஞ்ச முடியாத வேட்டைக்காரர்களுக்காகப் படங்களை வைத்தே செய்யப்பட்டது. விலங்கின் படத்தைத் தொடு, அது செய்த செயலின் படத்தைத் தொடு, முடிந்தது. அதே வழியில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழுவின் சப்பெல்லி செயலியும் வந்தது. ஒன்று மட்டும் கவனம்: படத்தையும் நீங்களே வரைந்துகொண்டு போகாதீர்கள். உங்களுக்கு மருந்துச் செடியாகத் தெரிவது எதிரில் இருப்பவருக்கு வெறும் இலையாகத் தெரியலாம். அவர்களையே வரையச் சொல்லுங்கள்.

இனி, 'பிற'. அந்தக் கட்டத்தைக் கட்டாயம் வையுங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் உட்கார்ந்து அதை முழுவதும் படிக்க வேண்டும், அது அவருடைய வேலை என்று பெயரோடு எழுதி வைக்க வேண்டும். ஒரே விஷயம் மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தால் அதற்குத் தனிக் கட்டம் திறங்கள்.

இதையெல்லாம் திரையில் பேசாதீர்கள். முதல் இரண்டு கூட்டங்களுக்கு லேப்டாப்பே வேண்டாம். வெற்று அட்டைகளை எடுத்துப் போங்கள். "இந்த இடத்தைப் பற்றி அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டியது என்ன?" என்று கேட்டு, ஒரு அட்டைக்கு ஒரு விஷயமாக எழுதுங்கள் அல்லது வரையுங்கள். பிறகு அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். எது எதோடு சேர்கிறது என்று நடக்கும் வாக்குவாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த அடுக்குதான் பின்னால் உங்கள் தரவுத்தளத்தின் அமைப்பாக வரும். பெண்களோடு தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், அவர்களுக்குத் தோதான நேரத்தில். தண்ணீரும் விறகும் எடுத்துவருபவர்களுக்குத் தெரிந்த காடு வேறு. வேலையை விட்டு வருபவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். ஆலோசகருக்குப் பணம் உண்டு, அறிவு தருபவருக்கு நன்றி மட்டும் என்ற வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் படி: எதைக் காட்டக் கூடாது?

'திறந்த தரவு' என்ற சொல் புதியவர்களை எளிதில் கவரும். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் 1999இல் தெற்குச் சீனாவில் கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லி இனத்தை விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. செல்லப்பிராணிச் சந்தைக்காகப் பிடிப்பவர்கள் அதைப் பார்த்துத் தேடிப் போனார்கள். முதலில் கண்டறியப்பட்ட இடத்திலேயே அது இல்லாமல் போனது. 1994இல் விவரிக்கப்பட்ட, இந்தோனேசியாவின் ரோட்டி தீவு நீள்கழுத்து ஆமையும் அதே வர்த்தகத்தால் அழிவின் விளிம்புக்குப் போனது.

இதனால்தான் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்குகிறது. உண்மையான புள்ளிக்குப் பதிலாக 0.2 பாகை அளவுள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் அது ஏறக்குறைய 22 கி.மீ. பக்கம் கொண்ட சதுரம். ஈபேர்டும் சில இனங்களின் இடத்தை மறைக்கிறது.

ஆனால் அழியும் இனங்களின் பட்டியல் போதாது. கோயில் மரம், மருந்து எடுக்கும் இடம், கோடையிலும் வற்றாத ஊற்று, இவை எந்தப் பட்டியலிலும் இருக்காது. எதை மறைக்க வேண்டும் என்று அங்கே வாழ்பவர்களிடம் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான, மரபு ஆவணங்களைச் சேமிக்கும் முகுர்ட்டு தளம் இதைத் தன் அடித்தளமாகவே வைத்தது. சிலவற்றைக் குடும்பம் மட்டும் பார்க்கலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டும். பழங்குடி அறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று குறிக்க லோக்கல் காண்டெக்ஸ்ட்ஸ் அமைப்பு தரும் அடையாளச் சீட்டுகளில் 'இந்தப் பருவத்தில் மட்டும்' என்று சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. இதைச் செயலியில் கொண்டுவருவது நிரல் எழுதுபவருக்குப் பெரிய வேலை. அதனால்தான் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும், கடைசி வாரத்தில் ஒட்டவைக்க முடியாது.

ஆட்களைப் பற்றியும் யோசியுங்கள். மணல் அள்ளுவதையோ கழிவு கொட்டுவதையோ பதிவு செய்பவரின் பெயர், போன் எண், படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பு, இவை எங்கே போய்ச் சேர்கின்றன? பதிவேற்றும்போதே படத்தின் உள்தகவலை நீக்க முடியுமா என்று பாருங்கள். பெயர் தேவையில்லை என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் சர்வரில் இல்லாத தகவலை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

நான்காம் படி: சம்மதமும் உரிமையும்

'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தான் சம்மதம் ஆகாது. 2007இல் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்களின் உரிமைகள் பிரகடனம் சொல்வது சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் தெரிந்த சம்மதம். முன்கூட்டிய என்ற சொல்லைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மரபணு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செடி, விதை என்று உங்கள் தளம் போகுமானால், உங்கள் நாட்டில் அது எப்படிச் சட்டமாகியிருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுதி வைப்பது காக்குமா, காட்டிக்கொடுக்குமா? இரண்டும் நடந்திருக்கிறது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். 1997இல் அது ரத்தானது, ஏனென்றால் முன்பே எழுதி அச்சான ஆதாரங்களை இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தால் காட்ட முடிந்தது. மறுபக்கம், தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் பசி தெரியாமல் இருக்க மென்றுவந்த ஹூடியா செடியை வைத்து, அவர்களைக் கேட்காமலேயே அந்நாட்டு அரசு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 1996இல் காப்புரிமை பெற்றது. பயனைச் சான் மக்களோடு பகிர ஒப்பந்தம் ஆனது 2003இல்தான். ஆகவே 'பதிவு செய்தால் பாதுகாப்பு' என்று யாருக்கும் பொதுவாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு கதைகளையும் சொல்லி, முடிவை அவர்களிடம் விடுங்கள்.

உரிமம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தப் பொதுவாக அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டதைப் பிறகு நீங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடலாம், ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரின் உரிமையைத் திரும்பப் பெற முடியாது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, தன்னார்வலர்கள் கதிர்வீச்சு அளவீட்டுக் கருவிகளைச் செய்து, காரில் கட்டிக்கொண்டு போய் அளந்தார்கள். சேஃப்காஸ்ட் என்ற அந்த முயற்சி எல்லாத் தரவையும் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பொதுவில் விட்டது. அது சரியான முடிவு, எல்லோரையும் பாதிக்கும் ஆபத்து அது. ஒரு சமூகத்தின் மருத்துவ அறிவுக்கு அதே உரிமத்தைப் போடுவது தவறு. ஒரு தளத்துக்குள்ளேயே இரண்டு மூன்று வகை உரிமம் இருப்பதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

தரவைத் தேட, எடுக்க, இணைக்க, மறுபடி பயன்படுத்த எளிதாக வைக்கச் சொல்லும் ஃபேர் கோட்பாடுகள் 2016இல் வந்தன. அது மட்டும் போதாது என்று பழங்குடித் தரவுக் கூட்டமைப்பு ஒன்று 2019இல் கேர் கோட்பாடுகளை முன்வைத்தது. கூட்டுப் பயன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம் என்று நான்கு. முதல் தொகுப்பு தரவைப் பார்க்கிறது, இரண்டாவது அந்தத் தரவுக்குப் பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்க்கிறது. இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாவி யார் கையில்?

அட்மின் கடவுச்சொல் யாரிடம்? ஒரு கட்டத்தைச் சேர்க்க, நீக்க யாருக்கு அதிகாரம்? மொத்தத் தரவையும் இறக்கி எடுக்க முடியுமா? நிதி நின்றால் சர்வர் வாடகையை யார் கட்டுவார்? நான்குக்கும் பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோருக்கும் புரியும் மொழியில் படித்துக் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பெரிய தளங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். 2025 ஜூனில் ஐநேச்சுரலிஸ்ட், எழுத்தும் படமும் தானே உருவாக்கும் ஆக்க செயற்கை நுண்ணறிவுப் பணிக்காகக் கூகுளின் அறக்கொடைப் பிரிவிடம் நிதி பெறுவதாக அறிவித்தது. பயனர்கள் பலர் கொதித்துப்போனார்கள், சிலர் கணக்கையே அழித்தார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அடையாளம் சொன்னது நாங்கள், எங்களைக் கேட்டீர்களா?

தரவு ஊரிலேயே இருக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மேபியோ என்ற கருவி (இப்போது கோமேபியோ) இணையம் இல்லாமலேயே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தரவை மாற்றிக்கொள்ளும், மையச் சர்வர் தேவையில்லை. ஈக்வடோரின் வவோரானி மக்கள் தங்கள் நிலத்தை அதன் உதவியோடு தாங்களே வரைபடமாக்கினார்கள். அரசு வரைபடத்தில் எண்ணெய் வட்டாரமாக மட்டும் இருந்த இடத்தில், வேட்டைத் தடங்களும் ஓடைகளும் மருந்துச் செடிகளும் வந்தன. 2019 ஏப்ரலில், ஏறக்குறைய 1,80,000 ஹெக்டேர் நிலத்தை எண்ணெய் ஏலத்தில் விடுமுன் தங்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்ற வழக்கில் அவர்கள் வென்றார்கள்.

ஆறாம் படி: திருப்பிக் கொடுங்கள், சண்டைக்கும் தயாராக இருங்கள்

முதல் நூறு பதிவுகள் வந்ததுமே அச்செடுத்து எடுத்துப் போய்க் காட்டுங்கள், ஆண்டு அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். தவறு இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்கள்.

தரவு யாரையாவது சங்கடப்படுத்தினால், "இது அதிகாரப்பூர்வமானது இல்லை" என்று ஒரு குரல் வரும். அதற்குப் பதில் உங்கள் முறையில் இருக்க வேண்டும். விலை குறைந்த காற்றுமாசுக் கருவிகள் ஈரப்பதம் கூடினால் அளவை மிகைப்படுத்திக் காட்டும். அங்கீகாரம் பெற்ற கருவி ஒன்றின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டு, எவ்வளவு தப்புகிறது என்று நீங்களே வெளியிடுங்கள். 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் காட்டுத்தீ வரைபடத்தில் பர்பிள்ஏர் என்ற விலை குறைந்த கருவிகளின் அளவீடுகளைச் சேர்த்தது அப்படித்தான், ஒரு திருத்தச் சமன்பாட்டைப் போட்டு. பொதுமக்கள் வீட்டு வாசலில் மாட்டிய கருவிகளும் அதில் அடக்கம்.

அந்தப் பெரியவரிடம் மறுபடி போனேன். நீக்கிய நெடுவரிசையைப் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்து, அவர் சொன்னதை அவருக்கே படித்துக் காட்டி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவரும் இன்னும் ஆறு பேரும் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினார்கள். காற்று எந்தப் பக்கம், மாறி எத்தனை நாள், தண்ணீர் நிறம் என்று மூன்று கட்டங்கள் சேர்ந்தன. எண்ணிக்கைக் கட்டத்தில் எண் போடாவிட்டால் செயலி நகராது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். "எண்ணாம எப்படிப்பா எண்ணைப் போடுறது? பொய்தான் எழுதணும்" என்றார். இப்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே 'தெரியாது' என்று ஒரு பொத்தான் இருக்கிறது.